வேலை ஒரு திக்கு, பள்ளிக்கூடம் ஒரு திக்கு!

"பட்டணத்தில் வேலை கிடைத்துவிட்டது" என்று செய்தி வந்தால் முன்பெல்லாம் வீட்டில் பாயசம் வைப்பார்கள். இப்போது முதலில் எழுகிற கேள்வி, "சரி, எங்கே குடியிருப்பது?" என்பதுதான். பாயசம் அப்புறம்!

போன மாதம் என் அக்காள் மகன் கோவில்பட்டியிலிருந்து டெலிபோனில் கூப்பிட்டான்.

"மாமா, எனக்குச் சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவளுக்கு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதும் வேலை கிடைத்திருக்கிறது. குழந்தையை வருகிற ஜூனில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். நாவலூர்ப் பக்கம் அடுக்குமாடியில் ஒரு வீடு விலைக்கு வருகிறது. முன்பணம் கொடுத்துவிடலாமா?"

"கொடுக்காதே, ஒரு வாரம் பொறு" என்றேன். அந்த ஒரு வாரத்தில் யோசித்ததையும், பஸ்ஸிலும் ரயிலிலும் ஏறி இறங்கிப் பார்த்ததையும்தான் இங்கே எழுதுகிறேன். வெளியூரிலிருந்து குடி பெயர்கிற எத்தனையோ குடும்பங்கள் இன்று இதே கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கின்றன. தவறான இடத்தில் முன்பணம் கட்டியவர்கள் இருபது வருஷம் தவணை கட்டிக்கொண்டே வருந்துகிறார்கள்.

சென்னை என்று நாம் சொல்கிற ஊர் இப்போது ஊர் அல்ல, ஒரு ஜில்லா. 2011-ல் மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆயிற்று. 2019-ல் ஆவடியும், 2021-ல் தாம்பரமும் தனித்தனி மாநகராட்சிகள் ஆயின. 2022-ல் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் திட்ட எல்லையையும் 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக நீட்டிவிட்டார்கள். காகிதத்தில் கோடு இழுப்பது எளிது. அந்தக் கோட்டுக்குள் குடிநீர்க் குழாயும், சாக்கடையும், பஸ்ஸும், பள்ளிக்கூடமும் வந்து சேர்வது வேறு விஷயம். அவை ஒவ்வொன்றும் ஒவ்வோர் இலாகாவைச் சேர்ந்தவை. ஒன்றுக்கொன்று கலந்து பேசித்தான் வருகின்றன என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

முன் காலத்தில் இந்தத் தொல்லை இவ்வளவு இல்லை. 1931-ல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு ஜார்ஜ் டவுனில் குமாஸ்தாவாக இருந்தவர் மாம்பலத்திலோ, சைதாப்பேட்டையிலோ, குரோம்பேட்டையிலோ குடித்தனம் வைத்தார். காலையில் எல்லோரும் வடக்கே போனார்கள்; மாலையில் எல்லோரும் தெற்கே திரும்பினார்கள். பெரம்பூரில் 1955-ல் ரயில் பெட்டித் தொழிற்சாலை வந்தது. ஆவடியில் 1961-ல் டாங்கித் தொழிற்சாலை வந்தது. அங்கெல்லாம் ஆலையோடு குடியிருப்பும், குடியிருப்போடு பள்ளிக்கூடமும் எழுந்தன. சங்கு ஊதினால் தகப்பனார் ஆலைக்குப் போவார். மணி அடித்தால் பிள்ளை பள்ளிக்குப் போவான். இரண்டும் நடக்கிற தூரம்.

இன்று ஒரு சம்பளத்தில் குடும்பம் நடப்பதில்லை. சம்பளம் இரண்டு, ஆகவே திசையும் இரண்டு. குழந்தையின் பள்ளிக்கூடம் மூன்றாவது திசை. சிக்கல் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. "ஆபீசுக்குப் பக்கத்தில் வீடு பார்" என்று பெரியவர்கள் சொல்கிற புத்திமதி, வீட்டில் ஒருவர் மட்டுமே சம்பாதித்த நாளைய புத்திமதி. எந்த ஆபீசுக்குப் பக்கத்தில்?

ரயில் இல்லாத ராஜபாட்டை

பழைய மகாபலிபுரம் சாலையைப் பார்த்தவர்கள் பிரமித்துப் போகிறார்கள். கண்ணாடி மாளிகைகள் வரிசையாக நிற்கின்றன. தரமணியில் டைடல் பார்க் 2000-ல் திறக்கப்பட்டது. அதற்குப் பிறகு சிறுசேரி வரையில் கம்பெனிகள் வந்து குவிந்தன. ஆனால் அந்தச் சாலையில் ஒரு விசித்திரம் உண்டு. முதலில் வேலை வந்தது, பிறகு வீடு வந்தது, அதற்குப் பிறகு பள்ளிக்கூடம் வந்தது, தண்ணீர்தான் கடைசி. தாம்பரம் லைனில் முதலில் வந்தது ரயில் என்பதை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும்.

2019-ஆம் ஆண்டுக் கோடையை நாம் மறந்திருக்க முடியாது. நகரத்தின் ஏரிகள் வறண்டன. அந்தச் சாலையில் லாரித் தண்ணீரை நம்பி இருந்த குடியிருப்புகள் தவித்தன. "ஆபீசில் தண்ணீர் இல்லை, வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள்" என்று சில கம்பெனிகள் சிப்பந்திகளிடம் சொல்லும்படி ஆயிற்று. நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013-ல் வந்தது. அதன் அருகிலேயே இன்னொன்று 2024-ல் திறக்கப்பட்டது. நிலைமை தேறி வருகிறது என்பது வாஸ்தவம்தான். ஆனாலும் அடுக்குமாடி வீடு பார்க்கப் போகிறவர்கள் நீச்சல் குளத்தை அப்புறம் பார்க்கலாம். வாசலில் காவலரிடம், "நாளைக்கு எத்தனை லாரித் தண்ணீர் வருகிறது?" என்று முதலில் கேட்க வேண்டும். விற்கிறவர் சொல்லாத பதில் அங்கே கிடைக்கும்.

என் மருமகன் பார்த்த வீடு அவனுடைய ஆபீசுக்குச் சில கிலோமீட்டர்தான். ஆனால் அங்கிருந்து அம்பத்தூர் தொழிற்பேட்டை சுமார் 35 கிலோமீட்டர். போக இரண்டு மணி, வர இரண்டு மணி. சமையல், குழந்தையைக் கிளப்புவது, வீட்டுப் பாடம் எல்லாம் அதற்கு மேல். ஆறு மாதத்தில் என்ன நடக்கும்? அந்தப் பெண் வேலையை விட்டுவிடுவாள். குடும்பத்தில் யார் வேலையை விடுவது என்று எந்த வீட்டிலும் ஓட்டெடுப்பு நடப்பதில்லை. வீட்டின் விலாசமே அதைத் தீர்மானித்துவிடுகிறது. எம்.காம். படித்து எட்டு வருஷம் கணக்கு எழுதிய பெண் வேலையை விடுவது அந்த வீட்டுக்கு மட்டும் நஷ்டமல்ல. இந்த விஷயத்தை நான் அவனிடம் சொன்னபோது, "அதை நான் யோசிக்கவில்லை, மாமா" என்றான். யோசிக்காமல் இருந்ததற்கு அவன் கெட்டவன் என்று பொருளில்லை. யோசிக்கிறவர்கள்தான் குறைவு.

வேலை ஓடும், பள்ளிக்கூடம் ஓடாது

அவன் ஆபீசாவது நிலையாக அங்கேயே இருக்குமா? ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை 2006-ல் வந்தது. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் வேலைக்குச் சேர்ந்தார்கள். 2014 நவம்பரில் மூடிவிட்டார்கள். மறைமலைநகரில் 1990-களின் இறுதியில் கார் தயாரிக்கத் தொடங்கிய போர்டு கம்பெனி 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது. அந்த ஆலைகளை நம்பிப் பக்கத்திலேயே மனை வாங்கியவர்களுக்கு மனை இருந்தது. வேலை வேறு எங்கோ போயிற்று. 2020-ல் கொள்ளை நோய் வந்தபோது கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் பலர் சொந்த ஊர்த் திண்ணையிலிருந்தே வேலை பார்த்தார்கள். பிறகு திரும்ப வா என்றார்கள். இன்றைய உத்தியோகம் முளையில் கட்டிய மாடு அல்ல.

ஆனால் ஒன்றாம் வகுப்பில் சேரும் குழந்தைக்கு முன்னால் 12 வருஷப் படிப்பு இருக்கிறது. தகப்பனார் அதற்குள் நாலு ஆபீஸ் மாறலாம், குழந்தையை நாலு பள்ளிக்கூடம் மாற்றினால் அதன் சிநேகிதர்களும் போய்விடுவார்கள், படிப்பும் தடுமாறும். எனவே என் அபிப்பிராயம் இது: பள்ளிக்கூடத்துக்கு நடக்கிற தூரத்தில் வீடு இருக்க வேண்டும். ஆபீசுக்கு ஒரே வண்டியில், மிஞ்சினால் ஒரு தடவை மாறிப் போகிற வசதி இருந்தால் போதும். வரிசையை மாற்றக் கூடாது.

பள்ளிப் பேருந்து வீட்டு வாசலுக்கே வருகிறதே என்று சிலர் சொல்வார்கள். வருகிறது, ஆனால் அந்தச் சின்னஞ்சிறிசு காலை ஆறரைக்கு எழுந்து ஓட வேண்டும். சாலையில் ஒன்றரை மணி தூங்கி வழிய வேண்டும். 2012 ஜூலையில் தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து மாண்டாள். நாடே பதறியது. உயர் நீதிமன்றம் தானாகவே தலையிட்டது. பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. ஆண்டுதோறும் கோடையில் வண்டிகளைப் பரிசோதிக்கிறார்கள். நல்லதுதான். என்றாலும் பத்து நிமிஷ நடைக்கு எந்தத் தகுதிச் சான்றிதழும் தேவையில்லை அல்லவா?

பக்கத்தில் குடியிருப்பதற்குச் சட்டத்திலும் ஒரு பலன் உண்டு. 2009-ஆம் ஆண்டு கட்டாயக் கல்விச் சட்டப்படி தனியார் பள்ளிகள் ஆரம்ப வகுப்பில் நூற்றுக்கு 25 இடங்களை நலிந்த பிரிவினருக்கும் பின்தங்கியவர்களுக்கும் ஒதுக்க வேண்டும். தமிழ்நாட்டில் வீட்டுக்கும் பள்ளிக்கும் ஒரு கிலோமீட்டர் என்று கணக்குப் பார்ப்பது வழக்கம். என் மருமகனுக்கு அது பொருந்தாது. அவன் சம்பளம் பெரிது. ஆனால் இதைப் படிக்கிற பலருக்குப் பொருந்தும்.

"நல்ல பள்ளிக்கூடம்" என்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கட்டணம் பெரிதாயிருந்தால் பள்ளியும் பெரிது என்று நம் ஜனங்கள் நம்புகிறார்கள். வாசலில் குதிரை லாயம் இருக்கிறதா என்றுகூடப் பார்க்கிறார்கள்! ஓர் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள், மூன்று வருஷமாக அதே ஆசிரியர்கள் இருக்கிறார்களா, கக்கூஸ் சுத்தமாக இருக்கிறதா, மாடிப்படி இரண்டு இருக்கிறதா என்று பார்க்கிறவர் யார்? 2004-ல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீக்குப் பறிகொடுத்த மாநிலம் இது. படிக்கட்டைப் பார்க்காமல் பாடத்திட்டத்தை மட்டும் பார்க்கலாமா? அரசாங்கப் பள்ளியை எட்டிக்கூடப் பார்க்க மாட்டேன் என்பதும் சரியல்ல. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அங்கே படித்த பிள்ளைகளுக்கு மருத்துவக் கல்லூரியில் 7.5 சதவீத இடம் என்று 2020-ல் சட்டமே செய்தார்கள். அதற்குப் பிறகு சில நடுத்தரக் குடும்பத்தார் தலையைச் சொறிந்துகொண்டு யோசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஊரின் பெயரே பத்திரம்

வீடு பார்க்கிறவர்கள் பங்குனி, சித்திரையில் பார்க்கிறார்கள். பள்ளிக்கூடம் திறக்கும் முன் குடியேற வேண்டும் என்ற அவசரம். அந்த மாதத்தில் எல்லாத் தெருவும் காய்ந்துதான் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அல்லவா தெரு தன் சுயரூபத்தைக் காட்டுகிறது!

2015 டிசம்பர் முதல் தேதியையும் அன்றைய இரவையும் முடிச்சூர்க்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு பெருகி மேற்குத் தாம்பரத்துத் தெருக்களில் மாடி வரை நீர் ஏறியது. படகில் ஜனங்களை இறக்கினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மறுபடியும் மூழ்கின. இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. கீழ்க்கட்டளை ஏரி, நாராயணபுரம் ஏரி முதலான தென்புறத்து ஏரிகளின் உபரி நீரெல்லாம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத்தான் போயாக வேண்டும். அந்தச் சதுப்பு சுருங்கிச் சுருங்கி, அதன் மேல் வீடும் ஆபீசும் குப்பைமேடும் ஏறி உட்கார்ந்துவிட்டன. 2022-ல் அதை ராம்சார் நிலம் என்று உலகம் அங்கீகரித்தது. 2025-ல் பசுமைத் தீர்ப்பாயம், ஆய்வு முடியும் வரையில் அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் புதிய கட்டட அனுமதி கொடுக்கக் கூடாது என்றது. தண்ணீருக்கு நினைவாற்றல் அதிகம். பட்டா யார் பேரில் இருக்கிறது என்று அது பார்ப்பதில்லை.

தாங்கல் என்றாலே சிறு ஏரி. ஏரிக்கரைத் தெரு என்றால் பக்கத்தில் ஏரி இருந்தது என்று அர்த்தம். அப்படிப் பார்த்தால் தியாகராய நகரே 1920-களில் மாம்பலம் நீண்ட ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய ஊர்தான். வள்ளுவர் கோட்டமும் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடம். இதைச் சொல்லிவிட்டு மற்றவர்களை மட்டும் குறை சொல்வது கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

அப்படியானால் எங்கே?

இருவருடைய வேலைக்கும் நடுவில் வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். பரங்கிமலை கண்ணில் பட்டது. அங்கே தாம்பரம் மின்சார ரயிலும் மெட்ரோ ரயிலும் சந்திக்கின்றன. அங்கிருந்து சோழிங்கநல்லூரும் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஏறத்தாழ சம தூரம். இரண்டும் 20 கிலோமீட்டருக்குள். அந்தப் பெண் பரங்கிமலையில் மெட்ரோ ஏறினால், மாறாமலே கோயம்பேடு தாண்டித் திருமங்கலத்தில் இறங்கலாம். அங்கிருந்து தொழிற்பேட்டைக்குப் பஸ். அவனுக்கு மடிப்பாக்கம், மேடவாக்கம் வழியாகச் சாலை. நங்கநல்லூர், பழவந்தாங்கல், ஆதம்பாக்கம் பக்கம் பழைய பள்ளிக்கூடங்கள் உண்டு, கடைகண்ணி உண்டு, கோயில் உண்டு. அக்காள் கூட வந்து இருப்பதானால் அவளுக்கும் பொழுது போகும்.

குறை இல்லையா? இருக்கிறது. வாடகை அதிகம். அதே வாடகைக்கு நாவலூரில் இன்னோர் அறை கூடக் கிடைக்கும். வீடுகள் பழையவை. பழவந்தாங்கல் சுரங்கப் பாதையில் கனமழைக்குத் தண்ணீர் நின்றுவிடும். அன்று ரயிலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும். இரண்டு பேருமே தினமும் ஒரு மணிக்கு மேல் பிரயாணம் செய்ய வேண்டும். நஷ்டத்தை ஒருவர் தலையில் கட்டாமல் இருவரும் பங்கிட்டுக்கொள்வது என்பதுதான் இதில் உள்ள ஏற்பாடு.

"மெட்ரோவின் இரண்டாம் கட்டம் வந்துவிட்டால் எனக்கும் கவலையில்லையே, மாமா?" என்று கேட்டான். உண்மைதான். சுமார் 119 கிலோமீட்டருக்கு மூன்று பாதைகள் கட்டுகிறார்கள். அதில் மாதவரத்திலிருந்து வரும் பாதை கோயம்பேடு, போரூர், பரங்கிமலை, மடிப்பாக்கம், மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் போகிறது. அவர்களுக்காகவே வரைந்த மாதிரி இருக்கிறது! ஆனால் ஓடாத ரயிலை நம்பி வீடு வாங்கக் கூடாது. பறக்கும் ரயில் 2007-ல் வேளச்சேரிக்கு வந்தது. அங்கிருந்து பரங்கிமலை 5 கிலோமீட்டர்தான். அந்த 5 கிலோமீட்டரைக் கடக்க முடியாமல் 15 வருஷத்துக்கு மேல் நின்றுகொண்டிருந்தது. "அடுத்த வருஷம் ரயில் வருகிறது" என்ற விளம்பரத்தை நம்பி மனை வாங்கியவர்களின் பிள்ளைகள் அதற்குள் கல்லூரி முடித்துவிட்டார்கள்.

ஆகவே வாங்காதே, வாடகைக்குப் பார் என்றேன். பத்து மாத வாடகையை அட்வான்சாகக் கேட்பது சென்னையின் பழைய வழக்கம். 2019-ல் அமலுக்கு வந்த புதிய வாடகைச் சட்டத்தில், வேறு விதமாக ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாவிட்டால், மூன்று மாதத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்று இருக்கிறது. வீட்டுக்காரர்கள் வேறு விதமாகத்தான் எழுதிக்கொள்கிறார்கள்! எழுத்தில் எழுதி, பதிவு செய்து, ஒரு பிரதி வாங்கிக்கொள்வது நல்லது. இதே ஊரில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது, சுண்ணாம்பு அடித்த செலவு என்று என் அட்வான்சில் பாதியை ஒருவர் பிடித்துக்கொண்டார். கையில் காகிதம் இல்லாததால் நான் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

இவ்வளவு யோசித்துத் தேர்ந்தெடுக்கிற வசதி எல்லோருக்கும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சோழிங்கநல்லூருக்குப் போகும் வழியில் பெரும்பாக்கம் இருக்கிறது. துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர் இருக்கிறது. கூவம், அடையாறு கரைகளிலிருந்து குடிசைகளை அகற்றி அங்கே கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். "எந்தப் பேட்டை வேண்டும்?" என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் நாலு வீட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் பிழைப்பை இழந்தார்கள். அல்லது விடிவதற்கு முன் பஸ் ஏறுகிறார்கள். 2021-ல் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனபோது, அவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பது கைப்பையில் கார்டு வைத்திருப்பவர்களுக்குப் புரியாது. பிள்ளைகள் பலர் பழைய பள்ளிக்கே போய் வந்தார்கள். தூரம் தாங்காமல் சிலர் படிப்பையே விட்டார்கள். வேலைக்கும் பள்ளிக்கும் எட்டின இடத்தில் வீடு என்பது சொகுசு அல்ல என்று நிரூபிக்க இதைவிட வேறு சாட்சியம் வேண்டுமா? புதிய மாஸ்டர் பிளான் எழுதுகிறவர்கள் கண்ணாடி மாளிகைக்கு இடம் குறிக்கும்போதே, அங்கே கூட்டிப் பெருக்குகிறவர்களின் வீட்டுக்கும், அவர்கள் பிள்ளைகளின் பள்ளிக்கும் பக்கத்திலேயே இடம் குறிக்க வேண்டும். 5,904 சதுர கிலோமீட்டரில் அதற்கு இடமில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

மருமகன் போன ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்தான். நங்கநல்லூரில் மூன்று வீடுகள் பார்த்தோம். முதல் வீட்டில் சுவரில் இடுப்பளவு உயரத்துக்கு ஒரு கோடு. வெள்ளை அடித்தும் மறையவில்லை. "இது என்ன?" என்று கேட்டாள் அவன் மனைவி. வீட்டுக்காரர் பேச்சை மாற்றினார். இரண்டாவது வீடு மேட்டுத் தெருவில், மாடிப் போர்ஷன். பள்ளிக்கூடம் எட்டு நிமிஷ நடை. அந்தப் பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே குழந்தையின் கையைப் பிடித்து நடந்து பார்த்துவிட்டு வந்தாள். மூன்றாவது வீட்டை அவள் உள்ளே போய்ப் பார்க்கவே இல்லை. பதினோரு மாத ஒப்பந்தம் எழுதியாயிற்று. நாவலூர்க்காரர் இன்னும் தினமும் டெலிபோன் செய்து, விலையைக் குறைக்கிறேன் என்கிறாராம். "ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்யட்டும், ஐந்தாம் நாள் குடை எடுத்துக்கொண்டு வந்து பார்க்கிறேன் என்று சொல்" என்றிருக்கிறேன்.